குரோம்பேட்டையும் காட்டாங்குளத்தூரும் வானில் வரைந்த கோடுகள்

செயற்கைக்கோளின் தரைத்தடத்தை, அதாவது அது நேர் மேலே கடந்துபோகும் இடங்களின் கோட்டை, கணினியில் வரைந்து பழக விரும்பும் தாம்பரத்துப் பிள்ளைகளிடம், சர்வதேச விண்வெளி நிலையத்தைக் கொஞ்சம் ஒதுக்கிவைக்கச் சொல்வேன். நம் பக்கத்திலேயே மூன்று கோள்கள் பிறந்தன. அண்ணா பல்கலைக்கழகம் குரோம்பேட்டை எம்.ஐ.டி. வளாகத்தில் உருவாக்கிய அனுசாட், காட்டாங்குளத்தூரின் எஸ்.ஆர்.எம்.சாட், பழைய மகாபலிபுரம் சாலையில் இருந்து போன சத்தியபாமாசாட்.

ஜிபிரெடிக்ட் போன்ற இலவச மென்பொருளில் மூன்றையும் போட்டால் மூன்று வடிவங்கள் கிடைக்கும். அனுசாட்டின் சுற்றுப்பாதைச் சாய்வு 41 பாகை. அதன் அலைக்கோடு வடக்கே 41, தெற்கே 41 பாகையைத் தாண்டாது. எஸ்.ஆர்.எம்.சாட்டுக்கு 20 பாகைதான். நிலநடுக்கோட்டை ஒட்டியே நெளியும். சத்தியபாமாசாட் துருவங்களின் அருகே வரை ஏறி இறங்கும்.

இந்த வேறுபாடு எங்கிருந்து வந்தது? சிறிய கோள் தனக்கென வழி கேட்க முடியாது. ஒரே ராக்கெட்டில் உடன் போகும் பெரிய கோளின் பாதையே அதற்கும். 2009 ஏப்ரல் 20இல் அனுசாட் போனது ரிசாட்-2 உடன். 2011 அக்டோபர் 12இல் எஸ்.ஆர்.எம்.சாட் போனது, வெப்பமண்டல வானிலையை ஆராய இந்தியாவும் பிரான்சும் சேர்ந்து செய்த மேகா-டிராபிக்ஸுடன். அதனால்தான் 20 பாகை. 2016 ஜூன் 22இல் சத்தியபாமாசாட்டுக்குத் துணை கார்ட்டோசாட்-2சி. ஒரு தரைத்தடத்தைப் பார்த்தே ‘இது யாரோடு ஏறியது’ என்று ஊகிக்கும் பழக்கம் எனக்கு இப்படித்தான் வந்தது. மிகவும் பயனுள்ள பழக்கம் அது.

தாம்பரம் வடக்கே சுமார் 13 பாகையில் இருப்பதால் எஸ்.ஆர்.எம்.சாட் நமக்கு நெருங்கிய சொந்தக்காரர் மாதிரி. ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 102 நிமிடம். அதற்குள் பூமி 25 பாகைக்கு மேல் திரும்பிவிட, அடுத்த கோடு அவ்வளவு மேற்கே தள்ளி விழும். ஆனாலும் 860 கிலோமீட்டர் உயரத்தில் இருந்து அதன் பார்வை வட்டம் மிகப் பெரியது. பெரும்பாலான சுற்றுகளில் நம் வானத்தை எட்டிவிடும். ஆகவே தடம் ஊருக்கு நேர் மேலே போகிறதா என்று பார்க்காதீர்கள், வட்டம் ஊரைத் தொடுகிறதா என்று பாருங்கள். சூரிய ஒத்திசைவுப் பாதையில் ஏவப்பட்ட சத்தியபாமாசாட் வகைக் கோள்கள் நாள்தோறும் ஏறத்தாழ ஒரே நேரத்தை ஒட்டி, பகலிலும் இரவிலும் சில முறை மட்டும் வரும்.

மென்பொருளின் அமைப்பில் கவனம் வேண்டிய இடங்கள் சில. இருப்பிடத்தை ‘சென்னை’ என்று விடாமல் உங்கள் மாடியின் அட்சரேகை, தீர்க்கரேகையையே கொடுங்கள். நேரம் உலகப் பொது நேரமான யூடிசியா இந்திய நேரமா என்று பாருங்கள். ஐந்தரை மணி நேரம் பிசகினால் எல்லாமே பிசகும். குறைந்தபட்ச உயரக் கோணத்தைப் பச்சைமலை அடிவாரத்துக்காரர்கள் 15 பாகையாவது வைக்கலாம். பூஜ்யத்தில் வைத்தால் குன்றுக்கும் அடுக்குமாடிக்கும் பின்னால் போகிற கோள்களெல்லாம் பட்டியலில் வந்து நிற்கும்.

எல்லாவற்றுக்கும் மேலாக டிஎல்இ எனப்படும் இருவரிச் சுற்றுப்பாதைத் தரவு புதிதாக இருக்க வேண்டும். தாழ்வான கோள்களைக் காற்றின் உராய்வு இழுத்துக்கொண்டே இருப்பதால், சில வாரப் பழைய தரவை வைத்துக் கணித்த நேரம் பொருந்தாது. அனுசாட் 2012இல் வளிமண்டலத்தில் விழுந்துவிட்டது. அதற்குப் பழைய தரவுதான். 2009இன் தரவையும் கடைசி மாதங்களின் தரவையும் அருகருகே ஓட்டிப் பாருங்கள். தொடக்கத்தில் நாளுக்கு 15 சுற்றுக்குச் சற்று மேல். விழும் தறுவாயில் 16ஐத் தாண்டும். கோடுகளுக்கு இடையிலான இடைவெளி சுருங்குவது திரையிலேயே தெரியும்.