பிரிந்து சென்று சேரும் செய்தி

நுழையும்முன்

கைப்பேசியில் அனுப்பும் சொல் நொடிப்பொழுதில் கடல் கடக்கிறது. வழியில் கம்பி அறுந்தாலும் கருவி பழுதானாலும் பெரும்பாலும் அது சேருமிடம் சேர்ந்துவிடுகிறது. பிழை நேரும் என்பதை முன்னரே ஏற்று வகுக்கப்பட்ட நெறிமுறைகளே இதற்குக் காரணம். அவற்றின் அடிப்படையை இப்பாடம் விளக்குகிறது.

வலையமைப்பு

இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட கணினிகள் இணைந்து தரவுகளைப் பரிமாறிக்கொள்ளும் அமைப்பே கணினி வலையமைப்பு. பள்ளியின் கணினி ஆய்வகத்திற்குள் அடங்குவது குறும்பரப்பு வலையமைப்பு. நகரங்களையும் நாடுகளையும் இணைப்பது விரிபரப்பு வலையமைப்பு. இத்தகைய வலையமைப்புகள் பலவற்றையும் ஒன்றிணைக்கும் பெருவலையே இணையம்.

பொதிகள்

பழைய தொலைபேசி முறையில், இருவர் பேசி முடிக்கும்வரை அவர்களுக்கென ஒரு தடம் ஒதுக்கப்பட்டிருக்கும். அவர்கள் வாளாவிருப்பினும் பிறர் அதனைப் பயன்படுத்த இயலாது. தடம் அறுந்தால் பேச்சும் அறுபடும். 1960களில் அமெரிக்காவின் பால் பேரனும் இங்கிலாந்தின் டொனால்டு டேவிசும் தனித்தனியே ஆராய்ந்து, இதற்கு ஒரே வகையான தீர்வைக் கண்டனர். செய்தியைச் சிறு துண்டுகளாகப் பகுத்து, ஒவ்வொன்றின்மீதும் முகவரியிட்டு அனுப்புவதே அத்தீர்வு. அத்துண்டுகள் பொதிகள் எனப்படும். ஒரே செய்தியின் பொதிகள் வெவ்வேறு வழிகளில் செல்லலாம். ஒரே கம்பியைப் பலருடைய பொதிகளும் பகிர்ந்துகொள்ளலாம்.

முகவரியும் திசைவியும்

வலையமைப்பில் இணையும் கருவிக்கு ஐபி முகவரி வழங்கப்படுகிறது. நான்காம் பதிப்பு முகவரி 32 பிட்டுகளால் ஆனது. அதனால் ஏறத்தாழ 429 கோடி முகவரிகளே கிடைக்கும். அவை போதாமையால் 128 பிட்டுகள் கொண்ட ஆறாம் பதிப்பு உருவாயிற்று. பொதியை வழிநடத்தும் கருவி திசைவி. அது முழுப் பாதையையும் வகுப்பதில்லை. அடுத்து எங்கு அனுப்புவது என்பதை மட்டுமே முடிவு செய்கிறது.

நம்பகம் பிறக்கும் இடம்

ஐபி நெறிமுறை, பொதி சேரும் என்று உறுதி கூறுவதில்லை. அவ்வுறுதியை டிசிபி நெறிமுறை இருமுனைகளிலும் நின்று அளிக்கிறது. அனுப்பும் கணினி தரவுகளுக்கு வரிசையெண் இடுகிறது. பெறும் கணினி அவற்றை முறைப்படுத்தி ஒப்புகை அனுப்புகிறது. ஒப்புகை வாராதாயின் பொதி மீண்டும் அனுப்பப்படும். விண்டன் செர்ஃப், ராபர்ட் கான் ஆகியோர் 1974ஆம் ஆண்டு வெளியிட்ட கட்டுரை இதற்கு வித்திட்டது. ஆயினும் நேரலை உரையாடலில் தவறிய பொதிக்காகக் காத்திருப்பின் பேச்சே தடைப்படும். ஆகவே, அத்தகைய பயன்பாடுகள் பெரும்பாலும் இழப்பைப் பொறுத்து விரைவைப் பேணும் யுடிபி நெறிமுறையைக் கையாளுகின்றன.

தெரிந்து தெளிவோம்

1969 அக்டோபர் 29 அன்று ஆர்ப்பாநெட் வலையமைப்பில், லாஸ் ஏஞ்சல்ஸிலிருந்து ஸ்டான்ஃபோர்டு ஆய்வு நிறுவனத்திற்கு ‘லாகின்’ என்னும் ஆங்கிலச் சொல் அனுப்பப்பட்டது. முதல் இரண்டு எழுத்துகள் சேர்ந்த நிலையில் கணினி செயலிழந்தது. ஏறத்தாழ ஒரு மணி நேரத்திற்குப்பின் முயற்சி வென்றது.

அறிவின் பயன்

‘இணையம் வரவில்லை’ என்பது குறையைக் கூறுகிறதே அன்றிக் காரணத்தைக் கூறுவதில்லை. கம்பி இணைந்துள்ளதா, முகவரி கிடைத்துள்ளதா, திசைவி மறுமொழி தருகிறதா, தளத்தின் பெயர் முகவரியாக மாறுகிறதா எனப் படிப்படியாக வினவுவோர் பழுதின் இடத்தைக் காண்பர். அடிப்படை கற்றவருக்கும் கல்லாதவருக்கும் உள்ள வேறுபாடு இவ்வினாக்களின் வரிசையிலேயே விளங்கும்.

கற்பவை கற்றபின்

பத்துச் சொற்கள் கொண்ட தொடரைப் பத்துச் சீட்டுகளில் எழுதி, வரிசையெண் இட்டு, வெவ்வேறு மாணவர் வழியே வகுப்பின் மறுமுனைக்கு அனுப்புக. இரண்டு சீட்டுகளை வழியில் நிறுத்திவைத்து, பெறுநர் அவ்விழப்பை எவ்வாறு அறிகிறார் எனக் கலந்துரையாடுக.