திராட்சையில் அடிச்சாம்பல் நோய்: அடையாளம் காணலும் கட்டுப்படுத்தலும்

தேனி மாவட்டத்தின் கம்பம் பள்ளத்தாக்கில் பன்னீர் திராட்சை முக்கியப் பணப்பயிராகும். 2023-ஆம் ஆண்டு புவிசார் குறியீடு பெற்ற இத்திராட்சை, ஆண்டு முழுவதும் சந்தைக்கு வரும் சிறப்புடையது. ஒரு தோட்டத்தில் அறுவடை நடக்கும்போது அடுத்த தோட்டத்தில் கவாத்து நடக்கும். இதனால் நோய்க்கு வேண்டிய இளந்தளிர் எப்போதும் எங்கேனும் இருந்துகொண்டே இருக்கிறது. சாரல் காலத்திலும், ஐப்பசி, கார்த்திகை அடைமழையிலும் அடிச்சாம்பல் நோய் தோன்றினால், பந்தல் முழுவதும் பூத்து நின்ற கொடியில் ஒரு கொத்துகூடத் தேறாமல் போவதுண்டு. நோயைச் சரியாக அடையாளம் காணாமல் மருந்து தெளிப்பவர்களுக்கு விளைச்சலோடு மருந்துச் செலவும் நட்டமாகிறது.

நோயின் அறிகுறிகள்

முதலில் இலையின் மேற்புறத்தில் வெளிர் மஞ்சள் நிறத்தில், எண்ணெய் பட்டது போன்ற வட்டப் புள்ளிகள் தோன்றும். ஈரமான இரவுக்குப் பின், அதிகாலையில் அந்தப் புள்ளிக்கு நேர் கீழே, இலையின் அடிப்புறத்தில் வெண்பஞ்சு போன்ற பூசண வளர்ச்சியைக் காணலாம். நாளடைவில் புள்ளிகள் பழுப்பாகிக் காய்ந்து, இலை உதிர்ந்துவிடும். முதிர்ந்த இலைகளில் நரம்புகளுக்கிடையே சிறு சிறு கோணவடிவப் புள்ளிகள் உண்டாகும்.

பூங்கொத்தில் நோய் தாக்கினால் கொத்து சுருண்டு, பழுப்பாகி உதிரும். இளம் பிஞ்சுகள் வெண்பூசணத்தால் மூடப்படும். சற்றுப் பெரிய காய்கள் வெண்மை காட்டாமல், பழுப்பேறிச் சுருங்கித் தோல் போலாகும். காய் பிடித்துச் சில வாரங்கள் கழிந்தபின் காயில் புதிதாக நோய் தொற்றுவதில்லை. ஆனால் கொத்துக்காம்பு அதன் பின்னரும் தாக்கப்படலாம்.

மயங்க வேண்டாம்

சாம்பல் நோய் வேறு, அடிச்சாம்பல் நோய் வேறு. சாம்பல் நோயில் வெண்ணிறத் தூள் பெரும்பாலும் இலையின் மேற்புறத்தில் படிந்திருக்கும். விரலால் துடைத்தால் விரலில் ஒட்டும். அதற்கு இலை நனைய வேண்டியதில்லை. மழையில்லாத, மேகமூட்டமான நாட்களிலேயே பரவும். நனையும் கந்தகம் லிட்டருக்கு 3 கிராம் வீதம் தெளித்தால் அது கட்டுப்படும். அடிச்சாம்பல் நோய்க்குக் கந்தகம் பயன்படாது. காரணம், இதை உண்டாக்கும் பிளாஸ்மோபாரா விட்டிக்கோலா என்னும் கிருமி உண்மையான பூசண இனத்தைச் சேர்ந்ததன்று. நீரில் நீந்தும் வித்துக்களை உடைய தனி இனம்.

இலையின் மேற்புறம் கொப்புளம் போலப் புடைத்து, அடியில் கம்பளி போன்ற வெண்மை இருந்தால் அது பூசணமே அல்ல. கண்ணுக்குத் தெரியாத சிலந்திப்பேனின் வேலை. அடிச்சாம்பல் நோயில் இலை புடைப்பதில்லை.

ஐயம் ஏற்பட்டால் எளிய சோதனை ஒன்று உண்டு. புள்ளியுள்ள நான்கைந்து இலைகளை லேசாக நீர் தெளித்து, பாலிதீன் பையில் இட்டுக் கட்டி, இருட்டான இடத்தில் ஓரிரவு வைக்க வேண்டும். காலையில் அடிப்புறம் வெண்பஞ்சு பூத்திருந்தால் அடிச்சாம்பல் நோய் என்று உறுதி செய்யலாம்.

நோய் பரவும் விதம்

இரவில் காற்றில் ஈரப்பதம் மிகுந்து, சில மணி நேரம் நீடித்தால் இலையின் அடியில் வித்துக்கள் உண்டாகின்றன. இவை காற்றாலும் மழைத்துளியாலும் அடுத்த இலைக்குச் செல்லும். அங்கு நீர்ப்படலம் இருந்தால் வித்து வெடித்து, நீந்தும் நுண்வித்துக்கள் வெளிவந்து, இலைத்துளை வழியே நுழையும். இலைத்துளைகள் அடிப்புறத்தில் இருப்பதால்தான் நோயும் அடிப்புறத்தில் வெளிப்படுகிறது. நுழைந்த பின் எண்ணெய்ப் புள்ளி தெரிய ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும். ஆகவே புள்ளியைக் கண்ட பின் மருந்து தேடுவது காலங்கடந்த செயல்.

தடுப்பு முறைகள்

கவாத்து செய்த கழிவுகளையும் உதிர்ந்த இலைகளையும் தோட்டத்திலிருந்து அகற்றி அழிக்க வேண்டும். பந்தலில் தேவையற்ற பக்கத் தளிர்களைக் கிள்ளி, கொடிகளைப் பரவலாகக் கட்டினால் காற்றோட்டம் ஏற்பட்டு இலை விரைவில் உலரும். தழைச்சத்தை அளவுக்கு மீறி இடக்கூடாது. அடர்ந்த இளந்தளிர் நோய்க்கு விருந்தாகும். மாலையில் இலை நனையும்படி நீர் தெளிப்பதைத் தவிர்க்க வேண்டும்.

போர்டோ கலவை

பிரான்சில் போர்டோ பல்கலைக்கழகத் தாவரவியலார் மில்லார்டே, 1882-இல் ஒரு காட்சியைக் கண்டார். வழிப்போக்கர் பழம் பறிக்காதிருக்கச் சாலையோரக் கொடிகளில் மயில்துத்தமும் சுண்ணாம்பும் தெளித்திருந்தனர். அக்கொடிகளில் மட்டும் இலை உதிரவில்லை. அவர் ஆய்ந்து 1885-இல் வெளியிட்ட கலவையே இன்றும் கைகொடுக்கிறது.

ஒரு சதக் கலவைக்கு 1 கிலோ மயில்துத்தத்தை 50 லிட்டர் நீரில் கரைக்க வேண்டும். 1 கிலோ சுட்ட சுண்ணாம்பை நீற்றி, வடிகட்டி, வேறு 50 லிட்டர் நீரில் கலக்க வேண்டும். மண், மர அல்லது பிளாஸ்டிக் பாத்திரங்களையே பயன்படுத்த வேண்டும். மயில்துத்தக் கரைசலைச் சுண்ணாம்புக் கரைசலில் சிறிது சிறிதாக ஊற்றிக் கலக்க வேண்டும், மாற்றி ஊற்றக்கூடாது. பளபளப்பான இரும்புக் கத்தியைச் சிறிது நேரம் அதில் நனைத்து எடுத்தால் செம்பு நிறம் படியக்கூடாது. படிந்தால் இன்னும் சுண்ணாம்பு நீர் சேர்க்க வேண்டும். இல்லையேல் இலை கருகும். தயாரித்த அன்றே தெளித்துவிட வேண்டும்.

எப்போது, எப்படித் தெளிப்பது?

கவாத்துக்குப் பின் தளிரில் மூன்று முதல் ஐந்து இலைகள் விரிந்ததும் முதல் தெளிப்பும், பூப்பதற்கு முன் அடுத்த தெளிப்பும், காய் பிடித்தபின் மற்றொன்றும் அவசியம். பூத்திருக்கும்போது போர்டோ கலவை தெளிக்கக்கூடாது. காய் பருத்தபின் தெளித்தால் பழத்தில் நீலக்கறை தங்கி விலை குறையும். போர்டோ கலவையும், லிட்டருக்கு 2 கிராம் வீதம் தெளிக்கும் மேன்கோசெப்பும் காப்பு மருந்துகளே. மழைக்கு முன் இலையில் இருந்தால்தான் பயன் தரும்.

தொடர்மழையால் நோய் நுழைந்திருக்கும் எனத் தோன்றினால், மெட்டலாக்சில், மேன்கோசெப் சேர்ந்த ஊடுருவும் மருந்தை லிட்டருக்கு 2.5 கிராம் வீதம் தெளிக்கலாம். இதை ஒரு பருவத்தில் இருமுறைக்கு மேல் பயன்படுத்தக் கூடாது. அடிக்கடி தெளித்தால் கிருமி மருந்துக்குப் பழகிவிடும். எந்த மருந்தாயினும் கடைசித் தெளிப்புக்கும் அறுவடைக்கும் இடையே உறைச்சீட்டில் குறிப்பிட்டுள்ள இடைவெளி விட வேண்டும்.

மருந்து இலையின் அடிப்புறத்தில் படுவது மிக முக்கியம். பந்தலின் கீழிருந்து மேல்நோக்கித் தெளிப்பதோடு, பூங்கொத்துகளும் நன்கு நனையுமாறு பார்த்துக்கொள்ள வேண்டும். முகமூடியும் கையுறையும் அணிந்து, காற்று வீசும் திசையிலேயே தெளிக்க வேண்டும்.

மழைக்காலத்தில் தினமும் காலையில் பத்துக் கொடிகளின் இலைகளையேனும் புரட்டிப் பார்த்து வந்தால், கொத்துக்கு நோய் எட்டும் முன்பே தடுத்துவிடலாம். ஐயமுள்ளோர் நோயுற்ற இலைகளுடன் ஆனைமலையன்பட்டி திராட்சை ஆராய்ச்சி நிலையத்தையோ, அருகிலுள்ள தோட்டக்கலை அலுவலரையோ அணுகலாம்.