ஒரு செர்ரி ரகம் சந்தைக்கு வரும் கதை



செர்ரி என்றதும் நம்மில் பலருக்குக் கேக்கின் மேல் வைக்கும் சிவப்புப் பழமே நினைவுக்கு வரும். பேக்கரிகளுக்கு நாம் கொடுக்கும் அந்தச் சரக்கு பல வேளைகளில் செர்ரியே அல்ல; களாக்காயைப் பாகில் ஊறவைத்துச் சாயமேற்றியது. உண்மையான இனிப்புச் செர்ரி குளிர் நாட்டு மரத்தின் பழம். நம் நாட்டில் காஷ்மீரிலும் இமாசலப் பிரதேசத்திலும் விளைந்து, கோடையில் சிறு பெட்டிகளில் பெருநகரங்களுக்கு வருகிறது.

இப்பழம் மா, வாழை போலப் பறித்தபின் பழுக்காது. மரத்தில் எந்த இனிப்பில் பறித்தார்களோ அதே இனிப்புதான். கடையில் வைத்துப் பழுக்க விடலாம் என்று கணக்குப் போட்டால் முதலுக்கே மோசம். ஆகவே நம் லாப நட்டத்தில் ஒரு பங்கு தோட்டத்திலேயே, அங்கு நட்ட ரகத்திலேயே முடிவாகிவிடுகிறது. அந்த ரகத்தை எப்படி உருவாக்குகிறார்கள் என்று பார்ப்போம்.

புது ரகம் எதற்கு?

உலகச் சந்தையில் பெயர் பெற்ற ரகம் 'பிங்'. 1875-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தில் சேத் லெவெலிங் என்பவரின் நாற்றங்காலில் உருவானது. அங்கு மேலாளாக இருந்த ஆ பிங் என்ற சீனரின் பெயரையே அதற்கு வைத்தார்கள். பழம் பெரியது, கருஞ்சிவப்பு, கெட்டியானது. ஆனால் இரண்டு குறைகள். தன் மகரந்தத்தால் அது காய்க்காது. பக்கத்தில் பொருத்தமான வேறு ரகம் இருக்க வேண்டும். அறுவடை நேரத்தில் மழை பெய்தால் பழம் நீரை உறிஞ்சித் தோல் வெடித்துவிடும். ஓர் ஆண்டு உழைப்பு ஒரே மழையில் போகும்.

முதல் குறைக்கு வழி பிறந்தது இங்கிலாந்தில். ஜான் இன்னஸ் ஆய்வு நிலையத்தில் எக்ஸ் கதிர் பாய்ச்சிய மகரந்தத்தைக் கொண்டு தானே காய்க்கும் செர்ரிச் செடிகளை உண்டாக்கினார்கள். அவற்றில் ஒன்றை 'லாம்பர்ட்' ரகத்துடன் கலந்து, கனடாவின் சம்மர்லாந்து நிலையம் 1968-இல் 'ஸ்டெல்லா' ரகத்தை வெளியிட்டது. அதன் வழியில் 'லேப்பின்ஸ்', 'ஸ்வீட்ஹார்ட்' முதலியவை வந்தன. 'ஸ்வீட்ஹார்ட்' பிங்கைவிட ஏறக்குறைய 3 வாரம் பின்தங்கிப் பழுப்பதால், வியாபாரப் பருவமும் நீண்டது.

பரிசோதனை

தாய் மரத்துப் பூவில் மகரந்தப் பைகளைக் கிள்ளி எடுத்துவிட்டு, தந்தை ரகத்தின் மகரந்தத்தைக் கையால் தடவுகிறார்கள். கிடைத்த கொட்டைகளைச் சில மாதம் குளிரில், ஈரத்தில் வைத்து முளைக்க விடுகிறார்கள். கன்று காய்க்க 3 முதல் 5 ஆண்டு ஆகும். இப்போது இலையில் மரபணுச் சோதனை செய்து, தானே காய்க்குமா என்பதைக் கன்றிலேயே அறிந்து வேண்டாததைக் களைகிறார்கள்.

காய்த்த பின்தான் உண்மையான தேர்வு. பழத்தின் விட்டம், எடை, சர்க்கரை அளவு, புளிப்பு, கெட்டித்தன்மை யாவும் கருவியால் அளக்கப்படும். 50 பழங்களைத் தண்ணீரில் போட்டு 2, 4, 6 மணி நேரத்தில் எத்தனை வெடித்தன என்று எண்ணுவார்கள். குளிர் அறையில் சில வாரம் வைத்து, காம்பு பழுப்பாகிறதா, தோலில் குழி விழுகிறதா என்று பார்ப்பார்கள். தேறியவற்றை ஒட்டுக் கட்டி வேறு வேறு ஊர்களில் நட்டு மறுபடியும் சோதிப்பார்கள். முடிய 15 முதல் 20 ஆண்டு செல்லும். தேனாக இனித்தாலும் பெட்டியில் நசுங்கும் பழம் தள்ளப்படும். ஆயிரக்கணக்கான கன்றுகளில் ஒரு சிலவே மிஞ்சும்.

நமக்குப் பாடம்

அவர்கள் சோதிக்கும் அதே குணங்களை நாமும் கொள்முதலின்போது பார்க்கலாம். காம்பு பச்சையாக இருந்தால் சரக்கு புதியது. காய்ந்து பழுத்திருந்தால் பழையது. பெட்டியின் மேல்வரிசையை மட்டும் பார்த்து விலை பேசாமல், அடியிலிருந்தும் நாலு பழம் எடுத்து வெடிப்பு, குழி பாருங்கள்; ஒன்றைத் தின்றும் பாருங்கள். அடிபட்ட பழத்தில் குழி சில நாள் கழித்தே தெரியும் என்பதால், பல நாள் விற்பனைக்குச் சேர்த்து வாங்கிக் குவிக்க வேண்டாம். செர்ரிக்கு ஏற்ற குளிர் 0 டிகிரி அளவு. வெயிலில் அடுக்கி வைத்தால் ஒரு நாளிலேயே வாடும். விற்கும்வரை கழுவக் கூடாது. ரகத்தின் பெயரைக் கேட்டுக் குறித்து வைத்தால், எது எத்தனை நாள் தாங்கியது என்பது அடுத்த பருவத்தில் விலை பேச உதவும்.

களாக்காய்ப் பண்டத்தைக் களாக்காய் என்றே சொல்லி விற்போம். அதற்கும் ஒரு சுவை, ஒரு விலை உண்டு. உண்மைச் செர்ரியின் விலையைக் கேட்டு வாடிக்கையாளர் மலைக்கும்போது, இரண்டும் வேறு வேறு பொருள் என்று எடுத்துச் சொல்லும் கடைக்காரரிடமே அவர் மறுபடியும் வருவார்.