உறைபனியில் அத்திவாரம்

நீர் உறையுங்கால் ஏறத்தாழ நூற்றுக்கு 9 பங்கு பருக்கும் என இளமையிற் கற்றோம். கனடாவில் வீடு கட்டும் நம் பழைய மாணவர்க்கோ அது வெறும் ஏட்டுப் பாடமன்று. மண்ணிலுள்ள நீர் உறையின், நிலம் மேலெழுந்து சுவரைப் பிளக்கும். ஆதலின், ரொறன்ரோப் பகுதியில் உறைபனி எட்டாத ஏறத்தாழ 4 அடி ஆழத்தில் அத்திவாரம் இடுவர். உறைந்த தரைமேற் கொங்கிறீற்று வார்த்தலாகாது. பனி இளகியதும் தரை அமிழும். வார்த்த கொங்கிறீற்று இறுகுமுன் உறையுமாயின், அதன் வலிமை பாதிவரை குன்றும். பின்னர் எத்துணை வெப்பமூட்டினும் முழுதும் மீளாது. ஆகவே, சூடேற்றிய நீரிற் குழைத்து, வார்த்தபின் போர்வையால் மூடி, முதற் சில நாள்களேனும் 10 பாகை சதமளவிற் குறையாது காத்தல் வேண்டும். மேலெழுந்த சுவரைப் பின்னருந் திருத்தலாம். மண்ணுள் மறைந்த பிழையைத் திருத்துதல் அரிது என்பதை மறவாதிருப்போமாக.