சந்தாப் பணம் யாருடைய பணம்?



பணத்தை முதலில் வாங்கிக் கொண்டு, பொருளை மாதா மாதம் கொடுக்கும் வியாபாரம் நமது வாவிக்கரை ஊர்களுக்குப் புதிதல்ல. பத்திரிகை, தயிர், குடிதண்ணீர்ப் போத்தல், பிள்ளைகளின் டியூசன் வகுப்பு என்று பலவற்றுக்கு நாம் முன்கூட்டியே பணம் கொடுக்கிறோம், வாங்குகிறோம். நன்றாக நடக்கும்வரை இதைவிட இலேசான வியாபாரம் இல்லை. சரியத் தொடங்கினால், ஒரு வியாபாரியின் பெயரை இதைவிட விரைவாகக் கெடுப்பதும் இல்லை. இதற்கு நல்ல பாடம் இசைத்தட்டுச் சந்தா வியாபாரத்தில் இருக்கிறது.

இந்தக் காலத்தில் இசைத்தட்டா என்று சிரிக்க வேண்டாம். நாம் சிறுவர்களாக இருந்தபோது கல்யாண வீட்டு ஸ்பீக்கரில் நாகூர் ஹனிபாவின் பாட்டு இசைத்தட்டில்தான் சுழன்றது. பிறகு கெசட் வந்தது, சீடி வந்தது, கைத்தொலைபேசி வந்தது. முடிந்து போனது என்று நாம் நினைத்த இசைத்தட்டு மேல்நாடுகளில் மறுபடியும் எழுந்து விட்டது. அமெரிக்காவில் 2022இல் சுமார் 41 மில்லியன் இசைத்தட்டுகளும் சுமார் 33 மில்லியன் சீடிகளும் விற்பனையாகின. 1987க்குப் பிறகு எண்ணிக்கையில் இசைத்தட்டு முந்தியது அதுவே முதல் தடவை.

தட்டுகளைத் தபாலில் அனுப்பும் சந்தா முறை அங்கே பழையது. கொலம்பியா நிறுவனம் 1955இல் ஓர் இசைத்தட்டுக் கழகம் தொடங்கியது. முதலில் பல தட்டுகளை ஏறக்குறைய இனாமாகவே கொடுப்பார்கள். பிறகு மாதந்தோறும் ஒரு காட் வரும். 'வேண்டாம்' என்று எழுதித் திருப்பி அனுப்பாவிட்டால் தட்டும் வந்து சேரும், பில்லும் வந்து சேரும். முறைப்பாடுகள் பெருகியதால் அமெரிக்க அரசாங்கம் 1973இல் இதற்கென்று தனி விதி கொண்டு வந்தது. 1996இல் இந்த வியாபாரத்தின் வருட வருமானம் சுமார் 1.4 பில்லியன் டொலர். 2014இல் அது சுமார் 17 மில்லியனாகச் சுருங்கியது. அடுத்த வருடம் உரிமை நிறுவனம் வங்குரோத்து மனு தாக்கல் செய்தது.

புதிய காலத்தில் 'வைனல் மீ பிளீஸ்' என்ற அமெரிக்க நிறுவனம் 2013இல் இதே வேலையைத் தொடங்கியது. உறுப்பினருக்கு மாதம் ஒரு தட்டு, அழகான உறையில் வீடு தேடி வரும். உறுப்பினர்கள் பெருகினார்கள். பிறகு சொந்தமாகத் தட்டு அச்சிடும் ஆலை வேண்டும் என்ற எண்ணம் வந்தது. அந்த ஆலை விடயத்தில் ஏற்பட்ட பிணக்கில் 2024இல் பணிப்பாளர் சபை உயர் அதிகாரிகளை நீக்கியது. விவகாரம் வழக்கு வரை போனது. யார் சரி, யார் பிழை என்பது நீதிமன்றத்தின் வேலை. நமக்குப் பாடம் வாடிக்கையாளர் பக்கத்தில் இருக்கிறது. தட்டு தாமதமாகிறது, கேட்டால் பதில் இல்லை என்று வருடக்கணக்காகச் சந்தா கட்டியவர்களே முறையிடத் தொடங்கினார்கள்.

தாமதம் எல்லாவற்றுக்கும் வியாபாரியைக் குறை சொல்ல முடியாது. மூலத் தட்டு வெட்டுவதற்குரிய அரக்குத் தட்டைச் செய்யும் ஆலைகள் உலகத்தில் இரண்டே இருந்தன. அதில் ஒன்றான கலிபோர்னியாவின் அப்பலோ ஆலை 2020 பெப்ரவரியில் எரிந்து போனது. ஆகவே பொருள் பிந்தலாம். பிந்தும் என்று சொல்வதற்கு ஆலை தேவையில்லை, வாய் போதும். வாடிக்கையாளன் பொறுக்காதது தாமதத்தை விட மௌனத்தைத்தான்.

இப்பொழுது நமது கணக்குக்கு வருவோம். ஒரு தயிர் வியாபாரி 100 வீடுகளில் மூன்று மாதத்துக்கு என்று வீட்டுக்கு 3,000 ரூபா வாங்குகிறார் என்று வைத்துக் கொள்வோம். கையில் 300,000 ரூபா. முதல் மாதம் முடிய அவருடைய விற்பனை 100,000தான். அதிலும் பால், சட்டி, பெற்றோல் செலவு கழிய வேண்டும். மீதி 200,000 ரூபாவும் அந்த 100 வீட்டாருக்கும் அவர் கொடுக்க வேண்டிய கடன். அந்தப் பணத்தில் ஓட்டோ வாங்கினால் இரண்டாம் மாதப் பாலுக்குப் புதிய வீடுகளில் முற்பணம் தேட வேண்டும். மூன்றாம் மாதம் அதைவிட அதிகம் தேட வேண்டும். புதியவர் வராத மாதத்தில் எல்லாம் ஒன்றாகச் சரியும். சந்தா வியாபாரம் கவிழ்வது பெரும்பாலும் இப்படித்தான்.

சரிவு தொடங்கினால் என்ன செய்வது? முதலில் நிறுத்த வேண்டியது புதிய முற்பணம் வாங்குவதை. அநேகர் தலைகீழாகச் செய்கிறார்கள். கழிவு கொடுத்து, பரிசு கொடுத்துப் புது ஆள் பிடித்து, அந்தப் பணத்தில் பழைய பாக்கியை அடைக்கிறார்கள். இதனால் கடன் குறைவதில்லை, ஆள் மாறுகிறது. இரண்டாவது, சந்தாப் பணத்தை வேறு வங்கிக் கணக்கில் வைத்து, பொருள் கொடுத்த அளவுக்கு மட்டும் எடுக்க வேண்டும். மூன்றாவது, நாள் தவறும் என்று தெரிந்த அன்றே வாடிக்கையாளருக்குச் சொல்லி, காத்திருப்பதா, பணத்தைத் திருப்பி எடுப்பதா என்று அவரிடமே கேட்க வேண்டும்.

இந்த மூன்றாவது புதிய யோசனையல்ல. நமது மார்க்கச் சட்டத்தில் ஸலம் என்ற முன்பண வியாபாரத்துக்குப் பொருளின் தன்மை, அளவு, ஒப்படைக்கும் நாள் மூன்றும் தெளிவாக இருக்க வேண்டும். குறித்த நாளில் பொருள் கிடைக்காவிட்டால், காத்திருக்கவோ பணத்தை மீளப் பெறவோ வாங்குபவருக்கு உரிமை உண்டு என்று அறிஞர்கள் எழுதியிருக்கிறார்கள். நாட்டுச் சட்டத்திலும் 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபை இருக்கிறது.

2022இல் டொலர் 200 ரூபாவிலிருந்து இரண்டு மூன்று மாதங்களுக்குள் 350 ரூபாவைத் தாண்டியது. பழைய விலைக்கு முற்பணம் வாங்கியிருந்த நமது பகுதி வியாபாரிகளில் இரண்டு வகையினரை நான் கண்டேன். ஒரு சாரார் போனை நிறுத்தி வைத்தார்கள். இன்னொரு சாரார் வாங்கியவர்களை அழைத்து, "இந்த விலைக்கு என்னால் தர ஏலாது, காசைத் தவணையிலாவது திருப்பித் தாறேன்" என்றார்கள். இரு சாராருக்கும் நட்டம் வந்தது. ஆனால் அடுத்த முறை முற்பணம் கேட்டபோது, இரண்டாம் சாராருக்குத்தான் சனங்கள் எண்ணிப் பார்க்காமல் கொடுத்தார்கள்.

இன்றிரவு கடை பூட்டு முன் கொப்பியைத் திறந்து ஒரு கணக்குப் பாருங்கள். பொருள் கொடுக்காமல் உங்கள் கையில் இருக்கும் பிறர் பணம் எவ்வளவு? நாளைக்கே எல்லோரும் கேட்டால் கொடுக்க முடியுமா? முடியும் என்றால் உங்கள் வியாபாரம் நல்ல நிலையில் இருக்கிறது. முடியாது என்றால், நாளையிலிருந்து புதிய சந்தா எழுத வேண்டாம்.