பெயின்டுக்கு முன்னால் தண்ணீரைப் பாருங்கள்

சென்னையில் பழைய வீட்டை வாங்கிச் செப்பனிட்டு வாடகைக்கு விட நினைப்பவர்கள் பெரும்பாலும் கோடையில்தான் வீடு பார்க்கப் போகிறார்கள். வெயிலில் எந்த வீடும் நன்றாகத்தான் இருக்கும். பார்க்க வேண்டிய மாதம் நவம்பர். வடகிழக்குப் பருவமழை இரண்டு நாள் விடாமல் பெய்த பிறகு போய் நின்றால், மொட்டைமாடியில் எங்கே தேங்குகிறது, எந்தச் சுவரில் ஓதம் ஏறுகிறது, தெருத் தண்ணீர் வாசற்படி வரை வருகிறதா என்பதெல்லாம் புரோக்கர் வாயைத் திறக்காமலேயே தெரிந்துவிடும். பழைய வீட்டின் வாடகை வருமானத்தைத் தின்பது தண்ணீர்தான். இந்தத் தொழிலில் நான் கற்றதில் பாதிக்கு மேல் அதைப் பற்றியது.

பழைய வீடுகள் எல்லாம் ஒரே ரகம் இல்லை. திருவல்லிக்கேணி, மயிலாப்பூர்ப் பக்கம் மெட்ராஸ் டெரஸ் வீடுகள் இன்னும் இருக்கின்றன. தேக்குக் கட்டைகளுக்கு மேல் மெல்லிய செங்கற்களைச் சுண்ணாம்புச் சாந்தில் குத்துவாட்டில் அடுக்கி, அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு அடித்த கூரை. சுவரும் சுண்ணாம்புக் காரைதான். அந்தச் சுவர் ஈரத்தை உறிஞ்சும், வெயில் வந்ததும் வெளியே விட்டுவிடும். அதன்மேல் சிமென்ட் பூசி, பளபளவென்று எமல்ஷன் அடித்தால் உள்ளே போன ஈரத்துக்கு வெளியே வர வழி இருக்காது. உப்புப் பூத்து, பூச்சு கொப்புளம் கொப்புளமாக எழும்பும். கூப்பிட்ட கொத்தனார் மறுபடி சிமென்டையே குழைப்பார். சுண்ணாம்பு வேலை தெரிந்த ஆளைத் தேடிப் பிடிப்பது சிரமம், கூலியும் கூடுதல். ஆனாலும் இப்படிப்பட்ட வீட்டுக்கு வேறு வழியில்லை. கூரைக் கட்டை சுவருக்குள் நுழையும் முனையை உளியால் குத்திப் பார்ப்பதும் அவசியம். உளி மெத்தென்று இறங்கினால் கட்டை உளுத்துவிட்டது. வாங்கும் விலையைப் பேசுவதற்கு முன்பே செய்ய வேண்டிய சோதனை இது.

மேற்கு மாம்பலம், நங்கநல்லூர் பகுதிகளில் 1980களில் எழுந்த மூன்று மாடி பிளாட்டுகளின் கதை வேறு. அங்கே எதிரி, கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பியின் துரு. துருப்பிடித்த கம்பி தன் பழைய பருமனைவிட வீங்கி, மேலிருக்கும் காரையைப் பிளந்து கீழே தள்ளும். உப்புக்காற்று வீசும் கடலோரத்தில் இது இன்னும் வேகம். ஒரு கழியை எடுத்து சீலிங் முழுக்கத் தட்டிக்கொண்டே போனால், நல்ல இடம் கெட்டியாக ஒலிக்கும், விட்டுப்போன இடம் டொப்பென்று கேட்கும். அங்கே மேலாகப் பூசிவிட்டுப் போவதுதான் வழக்கமாக நடக்கிற வேலை. அடுத்த சில மழைக்குள் அது குடியிருப்பவர் தலையில் விழும். கம்பிக்குப் பின்புறம் வரை கொத்தியெடுத்து, துருவைச் சுரண்டி, துருத்தடுப்புப் பூச்சு கொடுத்து, பாலிமர் கலந்த காரையால் அடைக்க வேண்டும். கம்பியே இளைத்துப் போயிருந்தால் மேஸ்திரியின் பேச்சு போதாது, கட்டடப் பொறியாளர் வந்தாக வேண்டும்.

மேல்மாடி பிளாட் என்றால் இன்னொரு சிக்கல். மொட்டைமாடி எல்லாருக்கும் பொது. பிளாட் உரிமையாளர் சங்கம் சம்மதிக்காமல் தட்டோடு மாற்ற முடியாது. வாங்குவதற்கு முன் சங்கச் செயலாளரிடம் பத்து நிமிடம் பேசினால் பல வருடத் தலைவலி குறையும்.

பாத்ரூமுக்குப் புது டைல்ஸ் போடுவதில் எல்லாருக்கும் ஆசை. அடியில் வாட்டர்புரூஃப் பூச்சு காய்ந்ததும் தரைத் தண்ணீர் வடியும் நஹானி டிராப்பை அடைத்து, இரண்டு நாள் தண்ணீர் கட்டி நிறுத்திக் கீழ்வீட்டு சீலிங்கைப் பார்க்க யாருக்கும் பொறுமை இல்லை. டைல்ஸ் ஒட்டிய பிறகு ஒழுகினால் மொத்தத்தையும் உடைக்க வேண்டியிருக்கும். பழைய மொசைக் தரைமேல் டைல்ஸ் ஒட்டுவதையும் நான் ஏற்பதில்லை. தரை உயரும், கதவின் அடியை இழைக்க வேண்டும், பாத்ரூமிலேயே ஒட்டினால் அறைக்கும் அதற்கும் நடுவே இருந்த இறக்கம் குறைந்து ஈரம் அறைக்குள் வரும். மொசைக்கை மெஷின் வைத்துப் பாலிஷ் போட்டால் இன்னொரு தலைமுறைக்கு வரும்.

வயரிங்கில் பேரம் கூடாது. ஏசிக்கும் கீசருக்கும் தனித்தனி லைன், முறையான எர்த், மின்கசிவில் இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி இவை இல்லாத வீட்டை வாடகைக்கு விடுவது தவறு. காலி செய்யப்போகும் குடித்தனக்காரரிடம் கேட்டால் எலக்ட்ரீஷியனுக்குத் தெரியாததும் கிடைக்கும். "சார், மழை நாள்ல கிச்சன் சுவிட்சைத் தொட்டா சுருக்குன்னும். நாங்க கரண்டியாலதான் தட்டுவோம்" என்றார் ஒரு அம்மா, மரக்கரண்டியைக் காட்டி. மேல்வீட்டுக் குழாய்க் கசிவு சுவர் வழியே சுவிட்ச் பாக்ஸுக்குள் இறங்கியிருந்தது. அந்தக் குடும்பம் வருடக்கணக்கில் அப்படியே சமைத்திருக்கிறது. இதைச் சரிசெய்யாமல் வாடகை வாங்கியது யாராக இருந்தாலும் மன்னிக்க முடியாத காரியம்.

சட்டமும் இதில் தெளிவாகவே இருக்கிறது. 2017ல் இயற்றப்பட்டு, 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டத்தின்படி, ஒப்பந்தத்தில் வேறு விதமாகச் சொல்லாதவரை, கட்டமைப்புப் பழுது, வெள்ளையடிப்பு, குழாய் மாற்றம், வயரிங் எல்லாம் வீட்டுக்காரர் பொறுப்பு. குழாய் வாஷர், சுவிட்ச், பூட்டு போன்ற சில்லறை வேலைகள் குடியிருப்பவருடையவை. காலி செய்யும்போது பெயின்டுக்கென்று ஒரு மாத வாடகையை அட்வான்ஸில் பிடித்துக்கொள்ளும் பழக்கத்தை வீட்டுக்காரர்கள் இந்தப் பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லது.

கணக்குப் போடும்போது வருமான வரியையும் சேர்க்க வேண்டும். வாடகையில் சொத்து வரி போக மீதிக்கு 30 சதவீதம் நிரந்தரக் கழிவு உண்டு. பழுதுக்கு அதைவிட அதிகம் செலவழித்தாலும் கழிவு ஏறாது; ஒன்றுமே செலவழிக்காவிட்டாலும் குறையாது. கடன் வாங்கிப் பழுது பார்த்தால் அதன் வட்டிக்குத் தனிக் கழிவு உண்டு என்பதால் வங்கிக் காகிதங்களைப் பத்திரமாக வைக்க வேண்டும்.

சுவரை மூடிப் பூசுவதற்கு முன் ஒரு வேலை மிச்சம் இருக்கிறது. குழாயும் வயரும் போகும் பாதையில் டேப்பைப் பிடித்து, தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று தெரிகிற மாதிரி செல்போனில் படம் எடுத்து, அறைவாரியாகப் பெயரிட்டு வைக்க வேண்டும். குடிவருபவருக்கும் ஒரு பிரதி அனுப்பிவிட்டால், அவர் படம் மாட்ட ஆணி அடிக்கும்போது குழாயில் இறங்காது. அடுத்து வரும் பிளம்பரும் ஒரு அடி உடைத்து முடிக்கிற வேலைக்குச் சுவர் முழுவதையும் உடைக்க மாட்டார்.