வாங்கி வந்த நாய்க்குட்டிக்கு மறுநாளே வாந்தியா?

'ஊசியெல்லாம் போட்டாச்சு சார்' என்று விற்றவர் நீட்டிய அட்டையைப் பிரித்துப் பாருங்கள். மருந்துக் குப்பியின் ஸ்டிக்கரும் டாக்டர் கையெழுத்தும் இல்லையா? ஊசியே போடவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

குட்டி சுருண்டு படுத்து, சோற்றை முகர்ந்துகூடப் பார்க்காமல், வாந்தியும் நாற்றமடிக்கும் ரத்தபேதியுமாக இருந்தால் பார்வோ என்ற வைரஸ் நோயாக இருக்கலாம். மோர், மாதுளைத் தோல், பேதிக்கு நாம் போடும் மாத்திரை எதுவும் வேண்டாம். விடியட்டும் என்று காத்திராமல் கால்நடை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். மலத்தைச் சின்ன டப்பாவில் எடுத்துப் போனால் பரிசோதனைக்கு உதவும். உதட்டைத் தூக்கிப் பாருங்கள். ஈறு வெளுத்திருந்தால் கொக்கிப்புழுவோ உண்ணியோ ரத்தத்தை உறிஞ்சியிருக்கலாம்.

பார்வோ கிருமி பினாயிலுக்கெல்லாம் மசியாது. கழிவை வழித்தெடுத்துவிட்டு, 1 பங்கு ப்ளீச்சுக்கு 30 பங்கு தண்ணீர் கலந்து தரையில் ஊற்றி, பத்து நிமிடம் ஊறவிட்டுக் கழுவுங்கள். காயும்வரை குட்டி அங்கே வரக்கூடாது.

விற்றவர்மீது புகார் கொடுக்க, ரசீது, ஜிபே பதிவு, வாட்ஸ்அப் பேச்சு, டாக்டர் சீட்டு நான்கையும் பத்திரப்படுத்துங்கள். 8 வாரம் நிறையாத குட்டியை விற்பதே 2017ஆம் ஆண்டு மத்திய அரசு விதிகளின்படி தவறு. புகார் எழுதும்போது குட்டியின் வயதைக் குறிப்பிடுங்கள். விற்றவர் 'வேற குட்டி தர்றேன்' என்பார். அதே கூண்டுக் குட்டிதானே? பணத்தைத் திருப்பிக் கேளுங்கள்.